ஒன்றரை அடி

காசிமேட்டுப் படகுக் கொட்டகையில்
ரெசின் நெடி கண்ணைக் கரித்தது.
கவிழ்த்துப் போட்டிருந்த உடல்களை
விரல் கணுவால் தட்டித் தட்டிக் கேட்டார் தேசிங்கு,
தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.
எனக்குத் தட்டத் தெரியாது.
செவுளைத் தூக்கிப் பார்த்தே பழகிய கை,
ஃபைபருக்குச் செவுள் எங்கே என்று
விளிம்போரம் தடவிக்கொண்டே போனது.

பெரியது ஒன்று நின்றது, முப்பத்திரண்டு அடி.
பக்கத்தில் போனதுமே அவர் குரல் மாறிவிட்டது.
"நாலு பேரை ஏத்திக்கினு எங்க வேணா போலாம்."
நாலு பேருக்குக் கூலி? டீசலுக்கு?
குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.
பெரியது அங்கேயே நிற்கட்டும்.

வெள்ளையில் ஒன்று, குட்டையாய், பளபளவென்று.
அணியத்தில் மயில் வரைந்திருந்தார்கள்.
நிவேதா அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.
"மூக்கு தாழ்ந்துகீது, அலையில குத்தும்," என்றார்.
அதோடு மயில் முடிந்தது.

மூலையில் கிடந்தது இது.
இருபத்து மூன்றடி, நீலம், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது.
வயிறு அகலம்; ஆள் எழுந்து நின்றாலும்
ஆடாது என்று சத்தியம் பண்ணினார் பெஞ்சமின்.
நடுவில், குறுக்கே, ஒரு பலகை.
முன்னால் வைத்திருந்தவர் பிள்ளைகளை அதில் உட்காரவைத்து
எண்ணூர் கழிமுகத்துக்கு நண்டு பிடிக்கப் போவாராம்.

"பலகைய அறுத்துடு," என்றார் இவர்.
"ஒன்றரை அடி வீணாப் போவுது.
ஒன்றரை அடின்னா நாப்பது கிலோ கவலை."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
அந்தப் பலகையில் உட்கார்ந்தேன்.
மண்தரையில் முட்டுக் கொடுத்து நிறுத்திய படகு.
இருந்தாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷம்
லூப் ரோட்டில், குடைக்குக் கீழே.
கார் நிறுத்துகிறவர்களுக்கு முகம்,
கடலுக்கு முதுகு.
ரவிக்கையில் உப்பு, நகக்கண்ணில் செதில்,
தலையணையில்கூட அதன் வாடை.
அதன் மேல் ஒரு நாளும் போனதில்லை.
யாரும் தடுத்ததாக நினைவில்லை.
யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"அறுக்க வேணாம்," என்றேன்.
பெஞ்சமின் எதையோ தேடுவதுபோல்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தேசிங்கு என்னைப் பார்த்தார்.
பிறகு இன்னொரு முறை தட்டினார்,
இந்தத் தடவை பலகையை.

ஞாயிறு. வலை ஏற்றவில்லை.
அலை தாண்டும்வரை நிவேதா கத்தினாள்,
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
தாண்டியதும் வாந்தி. இரண்டு முறை.
புளிசாதத் தூக்கை யாரும் திறக்கவில்லை.
அப்புறம் இன்ஜினை நிறுத்தினார்.
தண்ணீர் படகின் அடியை
நாய் நக்குவது போல் நக்கிக்கொண்டிருந்தது.

கரை தெரிந்தது.
கலங்கரை விளக்கம் தீக்குச்சி உயரம்.
என் குடை நிற்கும் இடத்தைத் தேடினேன்.
எது ரோடு, எது மணல், பிரியவில்லை.
அத்தனை பேரமும் அத்தனை சண்டையும்
ஒரு கோட்டுக்குள் அடங்கிக் கிடந்தது.

அவருக்குக் கை சும்மா இருக்காது.
தூண்டிலில் ஒரு சங்கரா ஏறியது, உள்ளங்கை நீளம்.
"எவ்ளோம்மா?" என்று என்னிடமே கேட்டார்.
"முந்நூறு."
"அநியாயம். நூத்தம்பது."
"வேணாம்னா நடையக் கட்டு."
நடக்க எங்கே இடம்?
நிவேதா விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஆடாது என்ற படகு ஆடியது.

திங்கள், விடிகாலை மூன்று மணி.
பலகை தெரியாதபடி அதன் மேல்
வலையைக் குவித்துக் கட்டியிருந்தார்.
முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சுதான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிறு வரட்டும்.